பாலகனின் பேரைச் சுமந்த நீரோட்டம்



பெரு நாட்டின் வடகரையில் பைத்தா என்றொரு துறைமுகம் உண்டு. அங்கிருந்து சிறு கலங்களில் போய்வந்த மாலுமிகள், கிறிஸ்து பிறப்பின் திருநாளையொட்டி வடக்கிலிருந்து ஒரு வெதுவெதுப்பான நீரோட்டம் கரையோரமாய் இறங்கி வருவதைக் கண்டார்கள். அதற்கு 'எல் நினோ' என்று பேரிட்டார்கள். ஸ்பானிய மொழியில் அதற்குப் பாலகன் என்று பொருள். அவர்கள் மனத்தில் கொண்டது பெத்லகேமின் பாலகனை. 1892-இல் கமிலோ கரில்யோ என்னும் கடற்படைத் தலைவர் லீமா நகரின் புவியியல் சங்கத்தாருக்கு இப்பேரை அறிவித்தார். மீனவர் வாய்மொழி அவ்வாறு அறிவியலின் ஏட்டில் ஏறிற்று.

அந்தக் கடல் வழக்கமாய்க் குளிர்ந்தது. பூமத்தியரேகையை ஒட்டி வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, பசிபிக் சமுத்திரத்தின் மேல்மட்டத்து வெந்நீரை இந்தோனேசியாவின் பக்கமாய்த் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் அங்கே கடல் மட்டம் பெருவின் கரையைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயர்ந்து நிற்கிறது. நீர் விலகிய பெருவின் கரையிலோ ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும்பி வருகிறது. அதனோடு உரமும் வருகிறது. அந்த உரத்தால் நெத்திலி மீன் திரளாய்ப் பெருகுகிறது. சில ஆண்டுகளில் அந்தக் காற்று தளர்ந்துபோகிறது. அப்போது மேற்கே குவிந்திருந்த வெந்நீர் கிழக்கு நோக்கித் திரும்புகிறது; மழைமேகங்களும் அதன்பின்னே போய்விடுகின்றன. பெருவில் வெள்ளம், இந்தோனேசியாவில் வறட்சி. இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையும் பல வேளைகளில் குன்றிவிடுகிறது. எத்தியோப்பிய மலைகளில் மழை குறைவதால் நைல் நதியின் பெருக்கும் தாழ்கிறது. யோசேப்பின் காலத்துப் பஞ்சத்துக்கு இதுவே காரணம் என்று சொல்ல நான் துணியேன். ஆனால் பஞ்சமும் நிறைவும் மாறிமாறி வரும் நதிக்கரை அது என்பதை ஆதியாகமம் 41-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

நம் முன்னோர் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லி நடுங்கியது 1876-இல் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டுகளில் பசிபிக் குளிர்ந்தே கிடந்தது. 1876-இன் இறுதியில் சென்னை மாகாணத்தில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டில் கடல் தலைகீழாய் மாறி, அறியப்பட்டவற்றுள் மிக வலிய எல் நினோக்களில் ஒன்று எழும்பிற்று. 1877-இல் தென்மேற்குப் பருவமழையும் தவறியது. பிரிட்டிஷ் இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள் என்பது கணிப்பு.

மழையைத் தடுத்தது கடல். மக்களைக் கொன்றது கடல்தானா? 1873-74-இல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது, சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான டன் அரிசியைத் தருவித்தார். மிகச் சிலரே மாண்டனர். அதற்குப் பலனாக, வீண்செலவு செய்தார் என்ற கண்டனமே அவருக்குக் கிடைத்தது. 1877-இல் அதே மனிதர் சென்னைக்கு அனுப்பப்பட்டபோது, பாடத்தைக் கற்றுக்கொண்டவராய் வந்தார். கல்லுடைத்து மண் சுமந்த ஓர் ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் என்று விதித்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இது உயிர் தரிக்கப் போதாது என்று வாதாடினார்; சில மாதங்களுக்குப் பின்னரே கூலி உயர்ந்தது. தனியார் வியாபாரத்தில் தலையிடலாகாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. ஆகவே பஞ்சத்தினூடே தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அக்காலத்துப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டதே.

அதே 1877, மார்ச் மாதத்தில் கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் பேராயர்களாக அபிஷேகம் பெற்றார்கள். பஞ்சத்தின் நாட்களில் திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரம் பேர் திருச்சபையை நாடி வந்தனர். அவர்களை 'அரிசிக் கிறிஸ்தவர்' என்று ஏளனம் செய்வோர் இன்றும் உண்டு. பட்டினி கிடந்தவரைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு நாவெழவில்லை.

பஞ்சம் வந்தால் அது பாவத்தின் பலன் என்று பிரசங்கித்துவிடுவது எளிது. கடலின் கணக்கைப் பொறுமையாய்க் கூட்டிப் பார்க்க நெடுங்காலம் பிடித்தது. 1904-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். பருவமழை தவறுவதை முன்னறியவேண்டும் என்பதே அவர் தேட்டம். உலகெங்கும் இருந்து வந்த காற்றழுத்த அளவுகளை இந்தியக் கணக்கர்களைக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார். பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியச் சமுத்திரத்தில் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது, துலாக்கோலின் இரு தட்டுகளைப்போல. அதைத் 'தென் அலைவு' என்றார். காரணத்தை அவரால் காட்டக்கூடவில்லை, பலர் நம்பவுமில்லை. அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குமேல் கழித்து, 1969-இல் யாக்கோப் பியர்க்னஸ் என்னும் நார்வே நாட்டு அறிஞர் பைத்தா மாலுமிகளின் நீரோட்டமும் வாக்கரின் துலாக்கோலும் ஒரே காரியத்தின் இரு முகங்கள் என்று விளக்கினார்: காற்று நீரைத் தள்ளுகிறது, நீரின் சூடு காற்றைத் திருப்புகிறது.

அறிந்தபின்னும் 1982-இன் பெரிய எல் நினோ, முற்றிவரும் வரையில் அறிஞர்களின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அதன்பின் பசிபிக்கின் நடுக்கோட்டில் ஏறக்குறைய 70 மிதவைகள் நங்கூரமிடப்பட்டு, 1994-இல் அவ்வேலை முடிந்தது. கடல் எப்போதும் ஒரே சொற்படி நடப்பதுமில்லை: 1997-இல் மிக வலிய எல் நினோ வந்தும் இந்தியாவில் மழை குறையவில்லை. 2009-இல் எல் நினோ வந்தபோது தென்மேற்குப் பருவமழை 22 சதவீதம் தவறியது. அது பல பத்தாண்டுகளில் காணாத வறட்சி. ஆனால் அந்த ஆண்டு அரசின் களஞ்சியங்களில் அரிசியும் கோதுமையும் இருந்தன. நியாயவிலைக் கடைகள் திறந்திருந்தன.