நெல் வயலின் மீது விழுந்த பழி

பருவநிலை மாற்றம் என்றாலே அது மேட்டுக்குடிகளின் கவலை, நமக்குக் கூலியும் நிலமும் தீண்டாமையும்தான் பிரச்சினை என்று நம் தோழர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படி ஒரு எண்ணம் வந்ததற்குக் காரணம் உண்டு. இந்தச் செய்தி நம்மிடம் எந்த வழியாக வந்தது என்று பார்த்தால் அது புரியும்.

1990-இல் வாஷிங்டனைச் சேர்ந்த உலக வளங்கள் நிறுவனம், ஐ.நா. அமைப்புகளுடன் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களை அதிகம் வெளியிடும் நாடுகளின் பட்டியல் அதில் இருந்தது. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரேசில், சீனா, ஐந்தாவதாக இந்தியா! கார் வைத்திருந்தவர்கள் மிகச் சிலராக இருந்த நாடு எப்படி ஐந்தாவது இடத்துக்கு வந்தது? நெல் வயலில் தேங்கும் நீரிலிருந்தும் மாடுகளின் வயிற்றிலிருந்தும் வரும் மீத்தேனையும் கணக்கில் சேர்த்தார்கள்.

டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தை நடத்திய அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் ஒரு சிறு நூல் எழுதி இதற்குப் பதில் சொன்னார்கள். இதை அவர்கள் சுற்றுச்சூழல் காலனியம் என்றார்கள். பிழைப்புக்காக வெளியாகும் புகையும் சொகுசுக்காக வெளியாகும் புகையும் ஒன்றா? நாட்டை நாட்டோடு ஒப்பிடாதே, தலைக்கு எவ்வளவு என்று பார் என்பது அவர்கள் வாதம். 1992-இல் ரியோவில் கையெழுத்தான ஐ.நா. உடன்படிக்கையில் பணக்கார நாடுகளுக்குக் கூடுதல் பொறுப்பு என்று எழுதப்பட்டதற்குப் பின்னால் இப்படிப்பட்ட வாதங்களின் பங்கு இருக்கிறது.

நெல்லின் கணக்கும் தவறாகவே இருந்தது. இந்திய வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன் மீத்தேன் விடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை மதிப்பிட்டிருந்தது. ஐரோப்பிய, அமெரிக்க வயல்களில் எடுத்த அளவை அப்படியே இங்கே பெருக்கிப் போட்ட கணக்கு. 1991-இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தலைமையில் நம் வயல்களிலேயே அளந்து பார்த்தபோது வந்தது சுமார் 40 லட்சம் டன். பத்தில் ஒரு பங்கு! நம் வயல்களில் பெரும்பகுதி வானம் பார்த்தவை, இடையிடையே காய்பவை என்பது அளக்கப் போனவர்களுக்குத்தான் தெரிந்தது.

இதுவரை நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சண்டையில் இரு தரப்பும் பேசியது "இந்தியா"வைப் பற்றி, மிஞ்சினால் "விவசாயி"யைப் பற்றி. அந்தச் சேற்றில் குனிந்து நாற்று நட்டவள் யார்? நிலம் யாருடையது? 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் சாகுபடி செய்யும் நிலம் நாட்டின் மொத்தச் சாகுபடி நிலத்தில் 9 சதவீதத்துக்கும் குறைவு. மக்கள்தொகையிலோ நாம் 16 சதவீதத்துக்கு மேல். அதே நெல்லில் கூடுதலாகக் கொஞ்சம் கூலி கேட்ட போராட்டத்தில்தான் 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். வாஷிங்டனின் கணக்கிலும் டெல்லியின் கணக்கிலும் அவர்களுக்குத் தனி வரி கிடையாது.

தலைக்கு எவ்வளவு என்ற கணக்கில் இன்னொரு வசதியும் இருந்தது. குளிர்சாதன அறையில் இருப்பவரின் புகையைக் குடிசையில் இருப்பவரின் தலையோடு சேர்த்து வகுத்தால் சராசரி குறைந்துவிடும். 2007-இல் கிரீன்பீஸ் இந்தியா இதை வெளிப்படையாகப் பேசியது. ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொள்வது என்றே அந்த அறிக்கைக்குத் தலைப்பு. 819 குடும்பங்களை விசாரித்து, மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள் 3,000 ரூபாய்க்குக் கீழே உள்ளவர்களைப் போல நாலரை மடங்கு கரியமில வாயு வெளியிடுகிறார்கள் என்றது. வர்க்கம் வரை வந்தார்கள். சாதியைக் கேட்டிருந்தால் படம் இன்னும் தெளிவாகியிருக்கும் என்பது நம் கருத்து.

சரி, மக்கள் என்ன நினைத்தார்கள்? 2011 இறுதியில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியாவில் 4,031 பேரிடம் கேட்டார்கள். புவி வெப்பமாதல் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை அல்லது தெரியாது என்றவர்கள் 41 சதவீதம். நிறையத் தெரியும் என்றவர்கள் வெறும் 7 சதவீதம். மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்ல இந்த இரண்டு எண்கள் போதும். ஆனால் அதே ஆய்வில் ஒன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அது என்ன என்று இரண்டொரு வரியில் விளக்கிவிட்டுக் கேட்டபோது, ஆமாம், நடக்கிறது என்று 72 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது அந்தப் பெயர். வெயிலும் தப்பிய மழையும் தெரியாமல் இல்லை.

ஆகவே தோழர்களே, சேரிக் கூட்டத்துக்குப் போகும்போது கார்பன் படத்தை முதலில் விரிக்க வேண்டாம். நடவுக்கு இப்போது எத்தனை மணிக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு மேல் வயலில் நிற்க முடியவில்லை, அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே, ஊரும் தேதியும் போட்டு எழுதி வாருங்கள்.