கொரட்டூரின் முதல் எழுத்து: கொம்பு, கால், குறியேற்றம்

தமிழ்க் குறியேற்ற வரலாற்றில் ஒரு வாசிப்பு நெடுநாளாகக் கேள்வியின்றி நிலைத்திருக்கிறது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாகவும் எழுத்துக்கு ஒரு குறி தரும் டேஸ்-16 குறியேற்றத்தை மாற்றுத் தரமாகவும் ஏற்றது. டேஸ்-16 தரப்பு முன்வைத்த வாதம் இது: தமிழின் 247 எழுத்துகளில் 31க்கே ஒருங்குறியில் நேரடி இடம் உண்டு, மற்றவை ஒட்டுவேலை, தேவநாகரிக்குச் செய்த அச்சில் தமிழை வார்த்துவிட்டார்கள்.

முதற்பகுதியில் எனக்கு மறுப்பில்லை. 'கொரட்டூர்' ஐந்து எழுத்து. ஒருங்குறியில் ஒன்பது குறி, யூடிஎஃப்-8இல் 27 பைட். டேஸ்-16இல் ஐந்தே குறி. 1991இல் வந்த ஒருங்குறியின் முதல் பதிப்பு இந்திய எழுத்துகளுக்கான 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை அடியொற்றியது என்பதும் உண்மை. கவுக்கும் ஙவுக்கும் இடையே காலியாகக் கிடக்கும் மூன்று கட்டங்களே சாட்சி. ஆனால் அதே அட்டவணையின் தேவநாகரிப் பகுதியில் ன, ற, ழ ஆகியவற்றுக்கு இணையான எழுத்துகள் இடம்பெற்றிருப்பதை இத்தரப்பினர் குறிப்பிடுவதில்லை. அச்சு ஒருபக்கமாக வார்க்கப்படவில்லை.

என் மறுப்பு ஒட்டுவேலை என்ற சொல்லைப் பற்றியது. அதற்குச் சான்றாக நான் கொள்வது, பழைய முகவரிப் பட்டியல் ஒன்றின் ஒரே ஒரு வரி: 'கெளரவச் செயலாளர், கொரட்டூர்'. கோப்பில் ஊர்ப்பெயரைத் தேடியபோது மற்ற வரிகள் அகப்பட்டன, இது மட்டும் தப்பியது. திரையில் ஒரு வேறுபாடும் இல்லை. பைட்டுகளைப் பிரித்துப் படித்தேன். மற்ற வரிகளில் கவுக்குப் பின் 224 175 138, அதாவது ஒகரக்குறி ஒன்றே. இந்த வரியிலோ 224 175 134, பிறகு 224 174 190: கொம்பு தனி, கால் தனி. இரண்டும் சமம் என்பது ஒருங்குறியின் விதி. அந்த விதியைப் பாராத மென்பொருளுக்கு அவை இரண்டு ஊர்கள்.

இந்தப் பிளவு எங்கிருந்து வந்தது? மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை கோப்புப் பெயர்களை இப்படித்தான் பிரித்து வைக்கும். எழுத்துரு மாற்றியும் செய்திருக்கலாம். இரண்டையும் நான் ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் அதே வரியின் 'கெளரவ'. அங்கே ஔகாரக் குறி இல்லை. கெ-வை அடுத்து முழு ளகரம் நிற்கிறது. எந்தச் சமன்பாட்டு விதியும் ஔகாரக் குறியை ளகரமாக்காது. ஔகாரத்துக்கும் ள விசையையே தட்டிப் பழகிய தட்டச்சுக் கை அது. ஒரு வரியை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். ஒரே வரியில் இரு பிளவுகளும் சேர்ந்து வருவது தற்செயல் என்பதைவிட இது நம்பத்தக்கது என்பேன்.

தட்டச்சுப் பொறியில் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். ஒருங்குறிக்கு முன் புழங்கிய திஸ்கி அந்த வரிசையையே குறியேற்றமாக்கியது. அதில் கொரட்டூர் கொம்பில் தொடங்கும் ஏழு பைட். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு அறிவித்த டாம், டாப் குறியேற்றங்கள் இரண்டும் கண்ணுக்குத் தெரியும் வரிசையையே பின்பற்றின. வேடிக்கை என்னவென்றால், அவற்றோடு அறிவிக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் விரல் முதலில் கவையும் பிறகு ஒவையும் தட்டும். கைக்கு ஒலிவரிசை, சேமிப்புக்கு உருவரிசை! உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்ற தொல்காப்பிய முறையோடு ஒத்துப்போவது விசைப்பலகையும் இஸ்கி வழிவந்த ஒருங்குறியும்தான். ஒருங்குறி அகரமேறிய கவை அடிப்படையாக வைத்துப் புள்ளியைப் பின்னர் ஒட்டுவது மட்டும் இலக்கணத்துக்குத் தலைகீழ். அந்த அளவில் டேஸ்-16 தரப்பின் குறை நியாயமானது.

என் வரியின் காலத்தைக் கணிக்க இயலவில்லை. கோப்பிலுள்ள தேதி படியெடுத்த தேதி, எழுதிய தேதி அன்று. ஒருங்குறியில் இருப்பதால் 1991க்கு முந்தியதாக இருக்க முடியாது. அதற்கு மேல் எதைச் சொன்னாலும் ஊகம்.

பட்டியலின் இறுதியில் 'கெரரட்டூர்' என்றும் ஓரிடத்தில் வருகிறது. காலுக்குப் பதில் ரகரம். ஓலைச்சுவடிகளில் காலும் ரகரமும் ஒரே வடிவம். இரண்டையும் முடிச்சுப் போட ஆசைதான். ஆனால் இது வெறும் தட்டுப்பிழை.