மண்ணைத் தொடாத கம்பி

1753ஆம் ஆண்டில், அன்றைய ருஷியத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ரிச்மன் என்னும் பேராசிரியர் இடிமுகிலின் மின்சாரத்தை அளக்க முற்பட்டார். கூரையினின்று வீட்டினுள் வந்த கம்பியை அவர் பூமியோடு இணைக்கவில்லை. இணைத்தால் மின்சாரம் தங்காது, அளக்கவும் இயலாது. போக வழியற்ற மின்னல் அருகே நின்ற அவர் நெற்றியில் பாய்ந்தது, அவர் மாண்டார்.

அதே ஆபத்து இன்றைய தொழிற்கூடத்திலும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கரான ஹெரால்டு ரான்ஸ்பர்க், வண்ணத் துளிகளுக்கு மின்னூட்டம் அளித்துப் பொருள்மீது படியச் செய்யும் முறையை வகுத்தார். அதில் அழுத்தம் பல்லாயிரம் வோல்ட். பொருளைத் தாங்கும் கொக்கியில் பழைய வண்ணம் காய்ந்து படிந்தால் பூமித் தொடர்பு அறும்; பொருளில் மின்னூட்டம் தேங்கும். தொடுவோர் அதிர்ச்சியுறுவர், பொறி பறந்தால் வண்ணத்தின் ஆவி தீப்பற்றும்.

மாணவர்களே, கொக்கியைச் சுரண்டித் தூய்மை செய்தல் அற்ப வேலையன்று. ரிச்மன் உயிரீந்து உணர்த்திய பாடம் அது.