முன்வாசல் வழியாகவே போங்கள்!

1915 ஜனவரி. நியூயார்க் நகர சிட்டி ஹால். அமெரிக்க அரசு அமைத்த தொழில் உறவுகள் கமிஷன் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சாட்சி சொல்ல வந்திருப்பவர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர். எண்ணெய் ராஜா ராக்ஃபெல்லரின் ஒரே மகன்.

'கூட்டமாக இருக்கிறதே, பின்வாசல் வழியாகப் போய்விடலாமா?' என்று ஒரு யோசனை வந்தது. உடன் இருந்த ஒருவர் தடுத்தார். 'பின்வாசல் காலமெல்லாம் முடிந்துவிட்டது. எல்லோரும் போகிற வழியிலேயே போங்கள்!'

சொன்னவர் ஐவி லீ. முன்னாள் பத்திரிகைக்காரர். மாதம் ஆயிரம் டாலருக்கு ராக்ஃபெல்லரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். பெரிய கம்பெனித் தலைவர்களை உட்கார வைத்து, கேள்விக்கு எப்படி பதில் சொல்வது என்று சொல்லித்தரும் 'மீடியா டிரெய்னிங்' இன்று தனித் தொழில். அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் இந்த லீ முக்கியமானவர்.

அப்பேர்ப்பட்ட பணக்காரருக்கு வாத்தியார் எதற்கு? காரணம் இருந்தது.

கொலராடோ மாநிலத்தில் 'கொலராடோ ஃப்யூயல் அண்ட் அயர்ன்' என்று ஒரு நிலக்கரி, இரும்புக் கம்பெனி. அதில் ராக்ஃபெல்லர் குடும்பம் வைத்திருந்த பங்கு சுமார் 40 சதவிகிதம். 1913 செப்டம்பரில் அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். அவர்கள் கேட்டதில் முக்கியமானது, யூனியனை அங்கீகரிக்க வேண்டும் என்பது. கம்பெனி அசையவில்லை. குடியிருப்புகளைக் காலி செய்யச் சொன்னது. குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தார்கள், குழந்தை குட்டிகளோடு.

1914 ஏப்ரல் 6. பாராளுமன்றக் கமிட்டி ஒன்று ஜூனியரைக் கூப்பிட்டு விசாரித்தது. கொலராடோ பக்கம் போய்ப் பத்து வருடமாகிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் யூனியன் விஷயத்தில் மட்டும் உறுதி. 'உங்கள் சொத்தெல்லாம் போனாலும், தொழிலாளர்கள் எல்லோரும் செத்தாலும் இப்படித்தான் நிற்பீர்களா?' என்று கேட்டார் கமிட்டித் தலைவர்.

'அது ஒரு மகத்தான கொள்கை' என்றார் ஜூனியர்.

சரியாகப் பதினான்கு நாள். ஏப்ரல் 20-ம் தேதி லட்லோ என்ற இடத்தில் கூடாரங்களை நோக்கி மாநிலக் காவல் படை சுட்டது. சாயங்காலம் கூடாரங்கள் எரிந்தன. துப்பாக்கிக்குப் பயந்து ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய பள்ளத்தில் பதுங்கியிருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறிச் செத்தார்கள். நாடே கொதித்தது. 'மகத்தான கொள்கை' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் லீ வருகிறார். 1906-ல் பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று அட்லாண்டிக் சிட்டி அருகே ஆற்றில் விழுந்து ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தபோது, மூடி மறைக்காமல் தகவலை எழுதி பத்திரிகைகளுக்குக் கொடுத்தவர் அவர். உண்மையைச் சொல்லுங்கள், மக்கள் மன்னிப்பார்கள் என்பது அவர் கட்சி. பிரமாதமான கட்சிதான்.

ஆனால் கொலராடோ விஷயத்தில் அதே லீ என்ன செய்தார்? நிர்வாகம் கொடுத்த தகவல்களைச் சரிபார்க்காமல் துண்டுப் பிரசுரங்களாக அச்சடித்து நாடு முழுக்க அனுப்பினார். யூனியன் தலைவர்களின் ஒரு வருடச் சம்பளம், அதில் ஒன்பது வாரச் சம்பளமாகக் காட்டப்பட்டிருந்தது! நாவலாசிரியர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு 'பாய்சன் ஐவி' என்று பட்டம் சூட்டினார். தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கிற ஒரு செடியின் பெயர் அது.

சரி, ஜனவரிக்கு வருவோம். ஜூனியர் முன்வாசல் வழியாக நடந்தார். நேராக மதர் ஜோன்ஸிடம் போனார். எண்பதை நெருங்கிய யூனியன் தலைவி, ஜென்ம விரோதி. கை குலுக்கி, 'என் ஆபீஸுக்கு வாருங்கள், பேசலாம்' என்றார். சாட்சிக் கூண்டில் கோபமே படவில்லை. முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்றார். அன்றாட நிர்வாகம் தன் கையில் இல்லை என்றார். ஒன்பது மாதத்துக்கு முன்பு பார்த்த மனிதர்தானா இவர் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். பாடம் பலித்துவிட்டது.

அது மே மாதம் வரைதான்.

கமிஷன் தலைவர் ஃபிராங்க் வால்ஷ் இதற்குள் ஒரு காரியம் செய்திருந்தார். ராக்ஃபெல்லர் ஆபீஸுக்கும் கொலராடோ மேனேஜர்களுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைக் கேட்டு வாங்கிவிட்டார். வாஷிங்டனில் ஜூனியரை மறுபடி உட்கார வைத்து, கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு துருவினார். எதுவும் தெரியாது என்றவர், ஸ்டிரைக்கை எதிர்த்த மேனேஜர்களைப் பாராட்டி, கடைசி வரை உங்களோடு நிற்போம் என்று எழுதியிருந்தார். வாய்க்குத்தான் பயிற்சி கொடுக்க முடியும். ஏற்கெனவே தபாலில் போன கடிதத்துக்கு யார் பயிற்சி கொடுப்பது?

அந்த வருடம் செப்டம்பரில் ஜூனியர் நிஜமாகவே கொலராடோ போனார். சுரங்கத்துக்குள் இறங்கினார். தொழிலாளர் மனைவிமாரோடு நடனம் ஆடினார். குறை கேட்கும் குழுக்கள் வந்தன. யூனியன் மட்டும் வரவில்லை. கம்பெனியே நடத்துகிற அந்த மாதிரி அமைப்புகளை 1935-ல் வாக்னர் சட்டம்தான் தடை செய்தது.

இன்று இந்தப் பாடம் எப்படி நடக்கிறது? ஒரு அறை, ஒரு கேமரா, முகத்தில் விளக்கு. ரிட்டயர்டு நிருபர் ஒருவர் வேண்டுமென்றே எரிச்சலூட்டும் கேள்விகளாகக் கேட்பார். பதிவு செய்து போட்டுக் காட்டுவார்கள். சொல்ல வேண்டியது மூன்றே விஷயம். எந்தக் கேள்வி வந்தாலும் அதிலிருந்து அந்த மூன்றுக்குத் தாவ வேண்டும். கேள்வியில் உள்ள கெட்ட வார்த்தையைத் திருப்பிச் சொல்லக்கூடாது. 'நோ கமென்ட்' கூடவே கூடாது.

இதெல்லாம் உதவாது என்று சொல்ல மாட்டேன். 1982-ல் சிகாகோ பகுதியில் யாரோ டைலனால் மாத்திரையில் சயனைடு கலந்து 7 பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் தலைவர் ஜேம்ஸ் பர்க் டி.வி.க்கு வந்து நிதானமாகப் பேசினார். ஆனால் பேச்சோடு சேர்த்து 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றார். செலவு பத்து கோடி டாலருக்கு மேல். கணக்குப் புத்தகத்தில் அது நஷ்டம். மக்கள் மனசில் அது வரவு. ஒரே வருடத்தில் இழந்த மார்க்கெட்டில் பெரும்பகுதி திரும்பி வந்தது.

மாறாக, 2010-ல் மெக்ஸிகோ வளைகுடாவில் பி.பி. நிறுவனத்துக்காக வேலை செய்த எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கடலெல்லாம் எண்ணெய். தலைவர் டோனி ஹேவர்ட் மன்னிப்புக் கேட்டார். கூடவே, 'என் வாழ்க்கை எனக்குத் திரும்ப வேண்டும்' என்று வாய் தவறிச் சொன்னார். அந்த 11 பேருக்கு அது திரும்பக் கிடைக்காதே! அக்டோபரில் அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

அடுத்த முறை ஒரு பெரிய மனிதர் டி.வி.யில் பேசும்போது டை, புன்னகை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா என்று மட்டும் பாருங்கள். வராவிட்டால் அவர் நல்ல மாணவர். அவருடைய கடிதங்களைத்தான் இனி யாராவது தேட வேண்டும்.