மறைந்து நடந்த மாணவர்

நம் கல்விக் கழகம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் கேட்டார். இளைஞர்க்குத் தன்னம்பிக்கை ஊட்டுவதாக அது அமைதல் நலம் என்றும் கூறினார். தன்னம்பிக்கை பற்றிய நூல்கள் இன்று பேருந்து நிலையக் கடைகளிலும் மலிந்து கிடக்கின்றன. 'உன்னால் முடியும்' என்பதே அவற்றின் சாரம். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று பழகிய நமக்கு அந்நூல்கள் முழு நிறைவு தந்ததில்லை. கடினமான கணக்கையும் கரும்பலகையில் பிழையின்றிப் போட்டு முடிக்கும் மாணவன், 'உனக்கு எந்தத் தெரு?' என்று ஒருவர் கேட்டவுடன் குரல் தாழ்ந்து நிற்கக் கண்டிருக்கிறோம். அவனுக்கு 'முடியும்' என்று சொல்லி என்ன பயன்? முடியும் என்பது அவனுக்கு முன்பே தெரியும்.

அத்தகைய மாணவர் ஒருவர் கோயம்புத்தூரில் இருந்தார். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்து, கோவைக் கலாசாலையில் பயின்ற இரட்டைமலை சீனிவாசனாரே அவர். 1939-இல் வெளியான 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் தம் வரலாற்று நூலில் அந்நாட்களைக் குறித்திருக்கிறார். ஏறத்தாழ நானூறு மாணவர் பயின்ற அக்கலாசாலையில் பத்துப் பேர் தவிர ஏனையோர் அனைவரும் பிராமணர். தம் குலமும் ஊரும் உறவும் வெளிப்பட்டுவிட்டால் தம்மைத் தாழ்வாக நடத்துவர் என்னும் அச்சத்தால் அவர் எவரோடும் பழகவில்லை. வகுப்புத் தொடங்கும் முன் புறத்தே எங்கேனும் தனித்திருந்து படிப்பார். மணி அடித்த பின்னரே உள்ளே நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிற மாணவர் தம்மை எட்டிப் பிடிக்காதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். விளையாட்டையும் துறந்தார்.

நூலில் இப்பகுதி மிகச் சிறியது. நாமோ அதைப் பன்முறை படித்திருக்கிறோம். அதற்கொரு காரணமுண்டு. நாம் ஏழாம் வகுப்பில் பயின்ற ஆண்டில், உதவித்தொகைப் பட்டியல் எடுப்பதற்காகச் 'சேரிப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்' என்றார் ஆசிரியர் ஒருவர். ஐவர் எழுந்தனர். நாம் எழவில்லை. அவ்வாண்டின் தொகை நமக்கு இல்லாமற் போயிற்று. 'பணம் இன்னும் வரவில்லை' என்று வீட்டில் பொய்யுரைத்தோம். அம்மா அதை நம்பி, அடுப்படிப் பானையில் சேர்த்து வைத்திருந்த கேழ்வரகை அளந்து விற்று நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்தார். இறுதிவரை அவரிடம் உண்மையைச் சொன்னோமில்லை. இன்னும் ஒன்று உண்டு. ஆசிரியப் பணியேற்ற முதலாண்டில் நாமும் அதே பட்டியலை அதே முறையில்தான் எடுத்தோம். நான்கு தலைகள் கவிழ்ந்தபோதே நம் செய்கை நமக்குப் புலப்பட்டது. இன்று உதவித்தொகை வங்கிக் கணக்கிற்குச் செல்கிறது. வகுப்பில் எவரும் எழுந்து நிற்க வேண்டுவதில்லை. ஆயினும் 'எந்தத் தெரு?' என்னும் கேள்வி ஒழிந்ததாகத் தெரியவில்லை.

இனி, விரைந்து நடந்த அம்மாணவர் பின்னாளில் என் செய்தார் எனக் காண்போம். படிப்பு முடிந்ததும் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராகச் சில ஆண்டுகள் பணியாற்றி, 1890-இல் சென்னை வந்து சேர்ந்தார். மறு ஆண்டே பறையர் மகாசன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் நான்கு பக்க அளவில் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'பறையன்'.

இளைஞர்காள், இப்பெயரை எளிதாக எண்ணிவிடாதீர்! பிறர் வசையாக வீசிய சொல்லை, இதழின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, விலை வைத்துத் தெருவில் விற்கச் செய்தார். தன் குலத்தை மறைத்துக் கொண்டு வாழ்பவன் உரிமை கேட்க நாவெழான் என்பது அவர் கருத்து. சென்னையில் இரண்டே நாளில் நானூறு படிகள் விற்றன என்று அவர் எழுதுகிறார். கோவையில் நானூறு பேர் நடுவே பெயர் சொல்லத் துணியாதிருந்தவரின் இதழைச் சென்னையில் நானூறு பேர் காசு கொடுத்து வாங்கினர்! எழுத்தறிந்தோர் நம்மில் அரியராயிருந்த காலம் அது. படிக்கத் தெரிந்த ஒருவரைச் சுற்றிப் பலர் அமர்ந்து கேட்டிருப்பர் என்று கொள்வதில் தவறில்லை.

இதழில் வந்த கடிதம் ஒன்றிற்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டுத் தண்டமும் விதிக்கப்பட்டது. அன்று நம் மக்கள் பணமுடிப்போடு நீதிமன்றத்தில் கூடி நின்று அத்தொகையைச் செலுத்தினர். அன்றாடம் காய்ச்சிகள் கொண்டுவந்த முடிப்புகள் அவை. இவ்வொரு நிகழ்ச்சியை எத்தனை தன்னம்பிக்கை நூலுக்கும் ஈடாகத் தரலாம் என்பது நம் எண்ணம். தனித்துப் படித்துத் தனித்து நடந்த வரையில் அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. அவ்வச்சம் அகன்றது பலரோடு சேர்ந்து நின்றபோதுதான்.

இதழ் தொடங்கிய 1893-ஆம் ஆண்டின் இறுதியிலேயே வேறொரு செயலும் நிகழ்ந்திருந்தது. இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடந்தால் மேற்சாதியாரே பதவிகளை நிரப்பி நம்மை மேலும் ஒடுக்குவர் என அவர் எதிர்த்தார். 3,412 கையொப்பங்களுடன் 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்குச் சென்றது. அந்நிலைப்பாடு சரியா என்பதில் இன்று கருத்து வேறுபாடு இருக்கலாம். நமக்கும் அதில் முழு உடன்பாடில்லை. எனினும் அந்த நீண்ட தாளில் தம் பெயரைப் பதிக்க 3,412 பேர் முன்வந்தனரே! அதை நினைந்து வியக்காதிருக்க முடியவில்லை.

பெயர் பற்றிய செய்தி இத்துடன் முடிவதன்று. சீனிவாசனாரின் உறவினரே ஆன பண்டிதர் அயோத்திதாசர் 'பறையன்' என்னும் பெயரை அறவே ஏற்கவில்லை. அது பகைவர் இட்ட இழிபெயர், நம் முன்னோர் பூர்வ பௌத்தர், பூர்வத் தமிழர் என்பது அவர் முடிவு. 1898-இல் பௌத்தம் தழுவினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கி 1914-இல் மறையும் வரை நடத்தினார். பின்னர் 1922-இல் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசு ஆவணங்கள் ஏற்றன. எப்பெயர் சிறந்தது என்ற வழக்கு நம் தெருத் திண்ணைகளில் இன்றும் நடக்கிறது, நடக்கட்டும். ஒருவர் சொல்லை ஏந்தினார், ஒருவர் எறிந்தார், மற்றொருவர் மாற்றினார். மூவருமே ஊர் அறியப் பேசினர். குரல் தாழ்த்தி விடை சொன்னவர் அவர்களுள் ஒருவருமிலர்.

1900-இல் இதழ் நின்றது. சீனிவாசனார் கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்து மீண்டார். 1923-இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924-இல் அங்கே கொண்டுவந்து நிறைவேற்றச் செய்தார். தீர்மானம் நிறைவேறியதாலேயே ஊர்க்கிணறுகள் திறந்துவிடவில்லை என்பது நம் பாட்டன்மார் கண்ட உண்மை. ஆயினும் வழிமறித்தோரிடம் எடுத்துக்காட்ட அரசாணை ஒன்று நம் கைக்கு வந்தது. 1930, 1931 ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நமக்காக வாதிட்டவரும் அவரே.

'ஜீவிய சரித்திர சுருக்கம்' வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பதை ஒட்டியிருந்தது. திவான் பகதூர் என்னும் பட்டமும் பெற்றிருந்தார். கோவையில் அஞ்சி நடந்த கதையை அவர் எழுதாது விட்டிருந்தால் இன்று யார் அறிவார்? உடன் பயின்றவர்க்கே தெரியாத செய்தி அன்றோ! வேண்டுமென்றே எழுதி வைத்தார். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்பகுதியைப் படித்துவிட்டு நம் அறைக்கு வந்தாள். 'ஐயா, இவ்வளவு பெரியவர்கூடப் பயந்தாரா?' என்று கேட்டாள். 'ஆம் அம்மா, நாங்களும் பயந்தோம்' என்று கூறி, உதவித்தொகைப் பட்டியல் கதையை முதன்முறையாக அவளிடம் சொன்னோம். அவள் சற்று நேரம் பேசாது நின்றாள். பிறகு, 'அம்மாவிடம் சொல்லியிருக்கலாம் ஐயா' என்றாள்.

அந்நூலின் இரு படிகள் நம் கழகப் படிப்பகத்தில் உள்ளன. சிறிய நூல்தான், ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம்.