பூந்தமல்லிக்காரர் எடுக்க மறுத்த மந்திர வகுப்பு

ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தை (1997ல் வந்தது) படிச்சவங்களுக்கு அந்த வகுப்பு நினைவிருக்கும். ஃப்ளிட்விக்னு ஒரு குட்டை வாத்தியார். பசங்க கையில ஒரு கோல், மேசை மேல ஒரு இறகு. மந்திரத்தைச் சொல்லி இறகைப் பறக்க வைக்கணும். ரான் காட்டுக் கத்தல் கத்துறான், இறகு அசையக் காணோம். பக்கத்தில் இருக்கிற ஹெர்மயனி, "நீ உச்சரிக்கிறதே தப்பு, அந்த எழுத்தை நீட்டணும்"கிற மாதிரி திருத்திச் சொல்லிட்டு, தானே சொல்லிக் காட்டுறா. இறகு ஜிவ்வுனு மேலே போகுது.

என் அண்ணன் பையன் இதைப் படிச்சுட்டு, "சித்தப்பா, நம்ம ஊர்ல இப்படி ஸ்கூல் இருந்துச்சா?"ன்னு கேட்டான். இருந்துச்சுடா, ஒண்ணு ரெண்டு இல்லைன்னு ஆரம்பிச்சேன். ரெண்டாவது நிமிஷம் பையன் எழுந்து போயிட்டான். அதனால மிச்சத்தை நீங்க கேட்டுத்தான் ஆகணும் :-)

உச்சரிப்பு தப்பினா மந்திரம் தப்பும் என்பது நம்ம ஊர்ச் சரக்கு. தைத்திரீய சம்ஹிதையிலேயே கதை இருக்கு. துவஷ்டாவோட மகன் விஸ்வரூபனை இந்திரன் கொன்னுடறான். அப்பாவுக்கு ஆத்திரம். இந்திரனைக் கொல்ல ஒரு பிள்ளை வேணும்னு யாகம் பண்ணி, 'இந்திரசத்ரு' வளரட்டும்னு சொல்றார். அந்தச் சொல்லில் ஒலியழுத்தம் கடைசி அசையில் விழுந்தா 'இந்திரனைக் கொல்பவன்'. முதல் அசையில் விழுந்தா 'இந்திரனால் கொல்லப்படுபவன்'. மனுஷன் ஆத்திரத்தில் முதல் அசையில் போட்டுட்டார். பிறந்தவன் விருத்திரன். முடிவு தெரிஞ்சதுதான், இந்திரன் அவனைக் கொன்னுட்டான். இலக்கணம் ஏன் படிக்கணும்னு சொல்ல வந்த பதஞ்சலி, மகாபாஷ்யத்தில் இந்தக் கதையைத்தான் உதாரணமா காட்டுறார்.

இந்த பயம்தான் வேத பாடசாலை வகுப்பை உண்டாக்கியதுன்னு சொல்லலாம். ஒரு எழுத்தும் நழுவாம இருக்க பதம், கிரமம், ஜடை, கனம்னு பல மாதிரி ஓதுவாங்க. கனத்தில் மூணு சொல் இருந்தா 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3னு முன்னும் பின்னும் போய் வரணும். எழுத்தில் பார்க்கவே எனக்குத் தலை சுத்துது. இந்த ஓதல் மரபை 2003ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அரும்பெரும் வாய்மொழி மரபுகளில் ஒண்ணா அறிவிச்சது. இன்னொரு பக்கம், 1975ல் கேரளத்து பாஞ்ஞாளில் நடந்த அதிராத்திரத்தை முழுசா பதிவு பண்ணின டச்சு அறிஞர் ஃபிரிட்ஸ் ஸ்டால், மந்திரத்துக்கு அர்த்தம்னு ஒண்ணு தேவையே இல்லை, அதைப் பறவைகளோட பாட்டு மாதிரி பார்க்கலாம்னு எழுதினார். அவருக்கு ஒலிதான் முக்கியம்.

தொல்காப்பியர் கட்சி வேற. மந்திரத்துக்கு அவர் செய்யுளியலில் விளக்கம் தர்றார். சொன்னது பலிக்கும் பெரியவங்க ஆணையா சொல்ற மறைபொருளான சொல்தான் மந்திரம். இங்கே கணக்கு உச்சரிப்பில் இல்லை, சொல்ற ஆளில் இருக்கு.

ஆள்தான் முக்கியம்னா, எந்த ஆள்? இங்கேதான் நம்ம ஏரியா உள்ளே வருது. அம்பத்தூர், ஆவடிக்காரங்களுக்கு பூந்தமல்லின்னா பஸ் மாறுற இடம். ஆனா பதினொன்றாம் நூற்றாண்டில் அங்கே ஒருத்தர் இருந்தார், திருக்கச்சி நம்பி. பூ வளர்த்து எடுத்துக்கிட்டு பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரத்துக்கு நடந்தே போவாராம். அங்கே வரதராஜருக்கு ஆலவட்டம் வீசுறது, அதாவது விசிறுறது, அவரோட வேலை. விசிறும்போது பெருமாள் அவர்கிட்ட பேசுவார்னு வைணவ மரபு சொல்லுது. போற வழியில் ஸ்ரீபெரும்புதூர். அங்கே ஒரு சின்னப் பையன் இவரைப் பார்த்து ஒட்டிக்கிறான். 1017ல் பிறந்ததா மரபு சொல்லும் இராமானுசர்தான் அந்தப் பையன்.

பையன் பெரியவனானதும் நம்பியை குருவா இருக்கச் சொல்லிக் கேட்கிறார். நம்பி முடியாதுங்கிறார். காரணம் ஜாதி. நம்பி வைசியர், இராமானுசர் பிராமணர். சரி, அவர் சாப்பிட்ட மிச்சத்தையாவது சாப்பிட்டு சீடனாயிடலாம்னு இராமானுசர் வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கிறார். நம்பியைக் கூப்பிட இவர் ஒரு தெரு வழியா போக, அவர் வேற தெரு வழியா வந்து அவசரமா சாப்பிட்டுட்டு கிளம்பிடறார். இராமானுசர் திரும்பி வந்து பார்த்தா, மனைவி இலையைத் தள்ளி, இடத்தைச் சாணம் போட்டு மெழுகி, குளிச்சுட்டு புதுசா சமைச்சுக்கிட்டிருக்காங்க.

எனக்கு மனசில் நிக்கிறது இந்த இடம்தான். கடவுளோட பேசுற தகுதி உண்டு, பாடம் எடுக்கிற தகுதி இல்லை! அதுலயும் ஒரு வேடிக்கை பாருங்க. வரதராஜர் இராமானுசருக்குச் சொல்லி அனுப்பிய 'ஆறு வார்த்தை'யைக் கொண்டு வந்தவர் இதே நம்பிதான். அதில் ஒண்ணு, பெரிய நம்பியை குருவா கொள் என்பது. தனக்குக் கிடைக்காத வாத்தியார் வேலைக்கு இன்னொருத்தரை சிபாரிசு பண்ற கடிதத்தை அவரே தூக்கிட்டு வந்த மாதிரி.

மதுராந்தகத்தில் பெரிய நம்பிகிட்ட இராமானுசருக்கு உபதேசம் ஆகுது. பிறகு ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர். அங்கே இருந்த இன்னொரு நம்பி ரகசியத்தைச் சொல்லித் தர பதினெட்டு தடவை அலைய விட்டதா கதை. ஒரு வழிக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பதினெட்டு முறை போய் வந்தா 3,600 கிலோமீட்டர் நடை. ஹாக்வார்ட்ஸ் ரயில் எவ்வளவோ தேவலை.

ரகசியம்னு ஏன் பொத்தி வைக்கணும்? கிராமத்து விஷக்கடி மந்திரத்துக்கும் இதே விதிதான். வெளியே சொன்னா பலிக்காது, ஒருத்தர் காதில் மட்டும்தான் ஓதணும், காசு வாங்கக் கூடாது. காசு வாங்காததில் எனக்கு மரியாதை உண்டு. ஆனா நிறைய பாம்புக்கு விஷமே கிடையாது. விஷப்பாம்பும் சில சமயம் விஷம் ஏத்தாமலே கடிக்கும். அப்படித் தப்பிச்சவங்களை எல்லாம் மந்திரம் தன் கணக்கில் எழுதிக்கும். விஷம் ஏறினவனுக்கு ஆஸ்பத்திரி மருந்து மட்டும்தான் வழி. 2000லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் வருஷத்துக்கு சராசரியா 58,000 பேர் செத்திருக்கலாம்னு 2020ல் வந்த ஆய்வு சொல்லுது. மந்திரிக்கப் போய் நேரம் போறது இந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம். ரகசியமா இருக்கிற வரை எந்த வித்தையையும் யாரும் சோதிச்சுப் பார்க்க முடியாது இல்லையா.

திருக்கோஷ்டியூருக்கு வருவோம். யாருக்கும் சொல்லாதேன்னு வாங்கின சத்தியத்தை மீறி, இராமானுசர் கோயில் மேலே ஏறி ஊருக்கே சொல்லிட்டார், நரகம்தான்னு குரு கோபப்பட, இத்தனை பேர் கரையேறினா நான் ஒருத்தன் போறேன்னு பதில் சொன்னார், இது எல்லாருக்கும் தெரிஞ்ச வடிவம். சௌமிய நாராயணர் கோயில் விமானத்தில் அவர் சிலையும் இருக்கு. பழைய குருபரம்பரை நூல்களில் கூடியிருந்த வைணவர்களுக்குச் சொன்னார்னுதான் வருது, ஜாதி பார்க்காம ஊரைக் கூட்டிக் கூவினார் என்பது பின்னாடி வளர்ந்ததுன்னு ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்றாங்க.

எனக்கு அவங்க சொல்றது சரின்னுதான் படுது. ஏன்னா எட்டெழுத்து மந்திரம் பூட்டி வைச்ச சரக்கே இல்லை. 'நாராயணா' என்கிற பேரை அதுக்கு முன்னாடியே ஆழ்வார்கள் தமிழில் பகிரங்கமா பாடிட்டாங்க. இராமானுசருக்கும் மதுராந்தகத்திலேயே மந்திரம் கிடைச்சாச்சு. அலைஞ்சது ஒலிக்காக இல்லை, அர்த்தத்துக்காக. அப்போ ஊருக்கு அவர் திறந்து விட்டதும் அர்த்தத்தைத்தான். ஸ்டாலுக்கு நேர் எதிர்க்கட்சி!

ஆனா கோபுரக் கதையைப் பொய்யுன்னு தூக்கிப் போடவும் மனசு வரலை. இலையைத் தள்ளி இடத்தை மெழுகின வீட்டிலிருந்து கிளம்பின ஆள் இப்படித்தான் பண்ணியிருக்கணும்னு பின்னால் வந்த ஜனங்க ஆசைப்பட்டிருக்காங்க. அந்த ஆசையும் சரித்திரம்தான்.

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் திருக்கச்சி நம்பிக்கு சன்னதி இருக்கு. மாசி மிருகசீரிஷம் அவரோட நட்சத்திரம். பஸ் மாறும்போது அரை மணி கிடைச்சா எட்டிப் பாருங்க. அவர் வரதராஜர் மேல எழுதினதா சொல்ற 'தேவராஜ அஷ்டகம்' சமஸ்கிருதத்தில் எட்டு சுலோகம். வகுப்பு எடுக்க மாட்டேன்னு சொன்னவரோட அந்த எட்டு சுலோகத்தை, இப்பவும் உச்சரிப்பு பிசகாம பாடம் பண்ணிச் சொல்றாங்க.