1905 இல் நோர்வே

1814 முதல் சுவீடனுடன் ஒன்றியமாக இருந்த நோர்வே, 1905 ஆம் ஆண்டில் பிரிந்து தனி நாடானது. ஒன்றியத்தில் இரு நாடுகளுக்கும் நாடாளுமன்றமும் சட்டங்களும் தனித்தனி. மன்னரும் வெளியுறவும் மட்டுமே பொது. அந்த வெளியுறவு சுவீடனின் கையில் இருந்ததுதான் சிக்கல். உலகின் பெரிய வணிகக் கப்பற்கூட்டங்களில் ஒன்று நோர்வேயுடையது. அயல்நாட்டுத் துறைமுகங்களில் தன் மாலுமிகளையும் வணிகர்களையும் கவனிக்கத் தனித் துணைத்தூதர்கள் வேண்டும் என்று அது நெடுங்காலம் கேட்டு வந்தது.

மார்ச் மாதம் கிறிஸ்டியன் மிக்கெல்சன் பிரதமரானார். அவர் வழக்கறிஞர், கப்பல் உரிமையாளரும்கூட. துணைத்தூதரகச் சட்டம் நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. மே 27 அன்று மன்னர் இரண்டாம் ஆஸ்கர் அதற்கு ஒப்புதல் தர மறுத்தார். அமைச்சர்கள் பதவி விலகினர். வேறு அரசு அமைக்க இயலாது என்று கூறி, மன்னர் அந்த விலகலை ஏற்கவில்லை. இந்தப் பதிலையே நோர்வேயினர் பிடித்துக்கொண்டனர்.

சூன் 7 அன்று நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின் வாதம் இதுதான்: நாட்டுக்கு அரசை அமைத்துத் தருவது மன்னரின் கடமை, அது இயலாது என அவரே கூறிவிட்டதால் அவரது அதிகாரம் செயலிழந்தது, எனவே ஒரே மன்னரின் கீழ் அமைந்த ஒன்றியமும் கலைந்தது. 91 ஆண்டு கால ஒன்றியத்தின் முடிவு, நீண்ட வாக்கியம் ஒன்றின் துணைத்தொடரில் வந்துபோகிறது.

சுவீடன் இதை ஏற்கவில்லை. மக்களின் கருத்தை அறிய வேண்டும் என்றது. ஆகத்து 13 அன்று நடந்த வாக்கெடுப்பில் பிரிவுக்கு ஆதரவாக 3,68,208 வாக்குகளும் எதிராக வெறும் 184 வாக்குகளும் விழுந்தன. ஆனால் வாக்களித்தவர் அனைவரும் ஆண்களே. வாக்குரிமை மறுக்கப்பட்ட பெண்கள் சும்மா இருக்கவில்லை. பெண் வாக்குரிமை இயக்கத்தினர் பிரிவை ஆதரித்து ஏறத்தாழ 2,44,000 பெண்களின் கையொப்பங்களைத் திரட்டி நாடாளுமன்றத்திடம் அளித்தனர். அவ்வாண்டின் நிகழ்வுகளில் அதிகம் பேசப்பட வேண்டியது இதுவே. நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாப் பெண்களும் வாக்களிக்கும் உரிமை 1913 இல்தான் வந்தது.

ஆகத்து 31 அன்று சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் பேச்சுவார்த்தை தொடங்கியது. எல்லையில் நோர்வே புதிதாகக் கட்டியிருந்த அரண்களை இடிக்க வேண்டும் என்று சுவீடன் கேட்டது. இருபுறமும் படைகள் திரண்டன. போர் மூளும் அச்சம் உண்மையாகவே இருந்தது. செப்டம்பர் 23 அன்று உடன்பாடு ஏற்பட்டது. புதிய அரண்களை இடிக்கவும் எல்லையில் படையற்ற பகுதி ஒன்றை அமைக்கவும் நோர்வே இசைந்தது. கசப்பான விலைதான், ஆனாலும் போர் தவிர்ந்தது. அக்டோபர் 26 அன்று ஆஸ்கர் நோர்வே அரியணையைத் துறந்தார்.

இனி மன்னரா, குடியரசா? அரியணைக்கு அழைக்கப்பட்ட டென்மார்க் இளவரசர் கார்ல், முதலில் மக்களைக் கேளுங்கள் என்றார். நவம்பர் வாக்கெடுப்பில் 2,59,563 பேர் அவரை ஆதரித்தனர். 69,264 பேர் எதிர்த்தனர். நவம்பர் 18 அன்று நாடாளுமன்றம் அவரை மன்னராகத் தேர்ந்தெடுத்தது. பழைய நோர்வே மன்னர்களின் பெயரை ஏற்று அவர் ஏழாம் ஹாக்கோன் ஆனார். நவம்பர் 25 அன்று மனைவி மாடுடனும் இரண்டு வயது மகனுடனும் தலைநகர் கிறிஸ்தியானியாவில் (இன்றைய ஓஸ்லோ) வந்திறங்கினார். அலெக்சாந்தர் என்ற அக்குழந்தைக்கு ஓலாவ் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1957 இல் ஐந்தாம் ஓலாவ் என அரியணை ஏறியவர் அவரே.